கோதுமையில் துரு நோய்: முதல் கொப்புளத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, பிறகு என்ன செய்வது

கோதுமை வயலுக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வரப்பில் ஏறும்போது, கால்சட்டையில் முழங்காலுக்குக் கீழே செங்கல் பொடி அப்பியதுபோல் நிறம் ஏறியிருந்தால், அந்த வயலில் காலம் கடந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு எதைத் தெளித்தாலும் எஞ்சியதைத்தான் காப்பாற்ற முடியும். அந்த நிறம் தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, வயலின் ஏதோ ஒரு மூலையில், கீழ் இலை ஒன்றில், குண்டூசித் தலையளவுகூட இல்லாத ஒரு கொப்புளம் இருந்திருக்கும். அதைப் பார்க்கப் பழகுவதுதான் துருவைச் சமாளிப்பதில் பாதி வேலை. மீதிப் பாதி, விதை வாங்கும் அன்றே முடிந்திருக்க வேண்டியது.

முதன்முதலாகக் கோதுமை போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிரின் பருவம் போகும் வரிசையிலேயே நானும் போகிறேன். நோயின் குணத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால் பின்னால் வரும் பல வேலைகளின் காரணம் தானாகவே விளங்கும்.

துருவின் குணம்

இது பூசண நோய். பக்சீனியா என்ற பூசணப் பேரினத்தில் மூன்று இனங்கள் கோதுமையைத் தாக்குகின்றன. அவை தரும் நோய்கள்தான் மஞ்சள் துரு, இலைத் துரு, தண்டுத் துரு. மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: உயிருள்ள பச்சைத் திசுவில் மட்டுமே இந்தப் பூசணம் வளரும். செத்த இலையில் அதற்குச் சாப்பாடு இல்லை. அதனால்தான் அது செடியை உடனே கொல்வதில்லை. செடியை உயிரோடு வைத்துக்கொண்டே, மணிக்குப் போக வேண்டிய சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. துரு விதை வழியாகப் பரவாது. விதை நேர்த்தி செய்வதால் மட்டும் வயலுக்குத் துரு வராமல் இருக்காது. இரண்டாவது, அறுவடைக்குப் பின் தாளைக் கொளுத்தினால் துரு ஒழியும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. பயிரில் நோயைப் பரப்பிய செந்நிற வித்துகள் (பூசணம் பரவுவதற்காக உதிர்க்கும் நுண்ணிய தூள்) காய்ந்த தாளில் அடுத்த பருவம்வரை பிழைத்திருப்பதில்லை. தாளைக் கொளுத்தினால் மண்ணுக்குத்தான் நட்டம்.

பரவும் விதத்தைப் பாருங்கள். காற்றில் வரும் பூசண வித்து ஒன்று இலைமேல் விழுகிறது. இலையில் பனியோ மழைநீரோ ஏறத்தாழ 6 முதல் 8 மணி நேரம் காயாமல் இருந்தால், வித்து முளைவிட்டு இலைத்துளை வழியே உள்ளே போய்விடும். இலைத் துருவும் தண்டுத் துருவும் இதமான வெப்பத்தில் ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் கொப்புளமாக வெடிக்கும். மஞ்சள் துருவுக்குப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அந்த இடைப்பட்ட நாள்களில் இலை பச்சையாகவே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. வெடித்த ஒவ்வொரு கொப்புளத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான வித்துகள் கிளம்பும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு நோய் பத்து மடங்கு பெருகுகிறது என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், நான்கு சுற்றில் பத்தாயிரம் மடங்காகிவிடும். நான்கு சுற்று என்பது ஆறேழு வாரம்தான். துருவின் கணக்கு முழுவதும் நாள் கணக்கு. பத்து நாள் முன்னால் பார்த்தவருக்கும் பத்து நாள் பின்னால் பார்த்தவருக்கும் வித்தியாசம் ஒரு முழுச் சுற்று.

மூன்று துருக்களையும் பிரித்தறிவது

பெயரைச் சரியாகச் சொன்னால்தான் அடுத்து எவ்வளவு அவசரம் என்பது தெரியும். ஒரு சிறிய பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டினால் போதும்.

மஞ்சள் துரு குளிரை விரும்புவது. 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் அதற்கு ஏற்ற வெப்பம். ஆகவே பருவத்தில் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் இதுதான். வளர்ந்த செடியின் இலையில் நரம்புகளுக்கு நடுவே, தையல் இயந்திரத்தில் மஞ்சள் நூலால் வரிசையாகத் தைத்ததுபோல், சின்னஞ்சிறு கொப்புளங்கள் கோடு கோடாக ஓடும். பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: இளம் நாற்றில் இந்தக் கோடுகள் இருக்காது. நரம்புகள் பூசணத்துக்கு வேலி கட்டுவதற்கு முன்பான பருவம் அது. கொப்புளங்கள் திட்டுத் திட்டாகவே தெரியும். கோடு இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். இந்தப் பூசணம் இலைக்குள் நுழைந்த இடத்தோடு நிற்பதில்லை, நரம்பை ஒட்டி நீண்டுகொண்டே போகும். கதிரின் உமிக்குள்ளும் புகும். உமியைப் பிரித்தால் உள்ளே மஞ்சள் தூள் கொட்டும்.

இலைத் துரு மிதமான வெப்பத்தை விரும்பும். 15 முதல் 25 டிகிரி வரை. கோதுமை விளையும் நாடுகளில் மிகப் பரவலாகக் காணப்படுவது இதுதான். கொப்புளங்கள் வட்டமாக, ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்தில், பெரும்பாலும் இலையின் மேற்புறத்தில், மிளகாய்ப் பொடியைச் சிதறவிட்டதுபோல் ஒழுங்கில்லாமல் இருக்கும். மூன்றில் சாதுவானது போலத் தோன்றும். ஆனால் பருவத்துக்குப் பருவம் சத்தமில்லாமல் விளைச்சலைக் குறைப்பதில் இதற்கு நிகரில்லை.

தண்டுத் துரு வெயில் ஏறிய பிறகு வரும். பகல் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போகப் போக அது வேகம் பிடிக்கும். கொப்புளம் நீளமாக, அடர்ந்த செங்கல் நிறத்தில் இருக்கும். தண்டு, இலையுறை, இலையின் இரு பக்கங்கள், கதிர் எதையும் விடாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் இதன் அடையாளம் தப்பாது: கொப்புளத்தைச் சுற்றிச் செடியின் தோல் கிழிந்து, உரித்த காகிதம்போல் வெள்ளையாக விளிம்பில் தூக்கிக்கொண்டு நிற்கும். விரலால் தண்டைத் தடவினால் சொரசொரப்பு கையில் தட்டும். பயிர் முற்றும்போது இதே கொப்புளங்கள் கறுத்துவிடும். கருந்துரு என்ற பெயர் அதனால் வந்தது. மூன்றில் இதைக் கண்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

துருவைப்போலத் தோன்றி ஏமாற்றுபவையும் உண்டு. நிச்சயப்படுத்த எளிய வழி விரல் சோதனை. சந்தேகமான இலையைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல உருவுங்கள். அல்லது வெள்ளைக் காகிதத்தில் தேயுங்கள். பொடி ஒட்டினால் துரு. இலைப்புள்ளி நோய்களிலும் சத்துக் குறைபாட்டிலும் நிறம் மாறுமே தவிர பொடி ஒட்டாது.

இந்தச் சோதனையை நானே ஒருமுறை செய்யாமல் விட்டிருக்கிறேன். வயலின் தாழ்ந்த பகுதியில், ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் வெளிறியிருந்தது. எட்ட நின்று பார்த்துவிட்டு, தழைச்சத்துக் குறை என்று முடிவுகட்டி யூரியா தூவினேன். பத்து நாள் கழித்துப் போனபோது ஒரு கட்டில் அகலம் ஒரு களத்துமேட்டின் அகலமாகியிருந்தது. நடுவில் செடிகள் மஞ்சளைக் கரைத்து ஊற்றியதுபோல் நின்றன. தழைச்சத்து அந்தச் செடிகளை இன்னும் தளதளவென்று ஆக்கி, பூசணத்துக்கே விருந்து வைத்துவிட்டது. வரப்பில் நிற்காமல் இறங்கிப் போய் ஓர் இலையைத் தடவியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

மாறாக, நோயே இல்லாமல் பயமுறுத்தும் அடையாளங்களும் இருக்கின்றன. எல்.ஆர்.34 என்ற மரபணு உள்ள ரகங்களில் மேல் இலைகளின் நுனி தானாகவே காயும். எஸ்.ஆர்.2 என்ற மரபணு உள்ள ரகங்களில் உமியும் கணுவுக்குக் கீழான தண்டும் கறுப்படிக்கும். இரண்டுமே துருவை மெதுவாக்கும் மரபணுக்கள். அந்த நுனிக் காய்தலும் கறுப்பும் அவற்றின் கூடவே வரும் அடையாளங்கள். அதைப் பார்த்துப் பயந்து மருந்தடித்தவர்கள் உண்டு.

விதைக்கும் முன்பு

துருவுக்கு எதிராக ஒரு விவசாயியின் கையிலுள்ள மிக மலிவான ஆயுதம் ரகத் தேர்வு. இதில் அவசரப்படாதீர்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் போடுகிறார்கள் என்பதற்காக ஒரு ரகத்தை வாங்குவது, துருவைப் பொறுத்தவரை மிக மோசமான காரணம். ஒரே ரகம் பெரும் பரப்பில் நின்றால், அதன் எதிர்ப்பை உடைக்கும் ஒரே ஒரு பூசண வகை தோன்றினாலும் அத்தனை வயலும் அதற்குத் திறந்த வீடு.

இப்படி நடந்ததற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்திலிருந்து கோதுமைக்குள் கொண்டுவரப்பட்ட எஸ்.ஆர்.31 என்ற மரபணு தண்டுத் துருவைப் பல ஆண்டுகள் அடக்கி வைத்திருந்தது. உலகின் பல நாடுகளில் அதை நம்பியே ரகங்கள் உருவாயின. 1998இல் உகாண்டாவில் அந்த மரபணுவை மீறும் பூசண வகை கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டின் எண்ணைச் சேர்த்து யுஜி99 என்று பெயரிட்டார்கள். அது கென்யா, எத்தியோப்பியா வழியாகச் சென்று ஏமனையும் ஈரானையும் எட்டியது. 2013இல் எத்தியோப்பியாவில் பரவலாகப் பயிரிடப்பட்டிருந்த டிகாலு என்ற ரகத்தைத் தண்டுத் துரு வீழ்த்தியது. அந்த ரகம் யுஜி99ஐத் தாங்கக்கூடியது. அதை அடித்தது வேறொரு வகை. ஒன்றுக்குத் தாங்கும் ரகம் எல்லாவற்றுக்கும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

எதிர்ப்புத்திறனில் இரண்டு விதம் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, நாற்றிலிருந்தே முழுதாகத் தடுப்பது. பார்க்க அழகாக இருக்கும், இலையில் ஒரு புள்ளிகூட வராது. ஆனால் பூசணம் அதை உடைக்கும் நாளில் ஒரேயடியாகப் போய்விடும். மற்றொன்று, வளர்ந்த செடியில் நோயை மெதுவாக்குவது. எல்.ஆர்.34, எஸ்.ஆர்.2 இரண்டும் இந்த வகை. இவற்றில் கொப்புளம் வரும், ஆனால் சிறிதாக, குறைவாக, தாமதமாக வரும். இப்படிப்பட்ட மரபணுக்கள் இரண்டு மூன்று சேர்ந்திருக்கும் ரகம் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். என்னைக் கேட்டால், ஒரு கொப்புளமும் இல்லாத ரகத்தைவிட, சில கொப்புளங்களோடு வருடக்கணக்காக நிலைத்து நிற்கும் ரகத்தையே வாங்கச் சொல்வேன். கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக் 1944இல் மெக்சிகோவுக்குப் போனபோது அவர் முன்னிருந்த பெரிய தலைவலி தண்டுத் துருதான். அதிக விளைச்சலுக்காகப் பேசப்படும் அவருடைய கோதுமைகளுக்குத் துருவைத் தாங்கும் திறனும் அங்கே சேர்ந்தது.

ரகங்களின் விவரக் குறிப்பில் 40 எஸ், 10 எம்.ஆர் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். எண், நோய் பரவியிருக்கும் அளவு, நூற்றுக்கு இவ்வளவு என்பது. எழுத்து, செடி அதை எதிர்கொண்ட விதம். ஆர் என்றால் எதிர்க்கும், எம்.ஆர் என்றால் ஓரளவு எதிர்க்கும், எம்.எஸ் என்றால் ஓரளவு பாதிக்கப்படும், எஸ் என்றால் முழுதாகப் பாதிக்கப்படும். மூன்று துருக்களுக்கும் தனித்தனியாக இந்தக் குறியீட்டைப் பாருங்கள். குறிப்பு எந்த ஆண்டில் எடுத்தது என்பதையும் கேளுங்கள். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய குறியீட்டை நம்பி விதை வாங்கக் கூடாது. செடி மாறியிருக்காது, பூசணம் மாறியிருக்கும்.

பரப்பு கொஞ்சம் பெரிதாக இருந்தால் எதிர்ப்பின் அடிப்படை வேறுபடும் இரண்டு மூன்று ரகங்களைப் பிரித்துப் போடுங்கள்.

அடுத்தது பச்சைப் பாலம். அறுவடையில் உதிர்ந்த மணிகள் மழைக்குத் தானாக முளைத்து நிற்கும். கோதுமை இல்லாத மாதங்களில் துருவுக்கு அடைக்கலம் தருவது இந்தச் செடிகள்தான். புதிய விதைப்புக்கு மூன்று நான்கு வாரம் முன்பாவது உழுது மடக்கி அழித்துவிடுங்கள். நீங்கள் மட்டும் அழித்தால் பாதிப் பலன்; பக்கத்து வயல்களும் சேர்ந்து செய்தால் முழுப் பலன்.

குளிர் மண்டலங்களில் பார்பெரி என்ற முட்புதரையும் கவனிக்க வேண்டும். தண்டுத் துருவின் கறுப்பு வித்துகள் குளிர்காலத்தைத் தாளில் கழித்து, வசந்தத்தில் முளைத்து இந்தப் புதரின் இலையில் ஏறும். அங்கேதான் பூசணத்தின் பால் இனப்பெருக்கம் நடக்கிறது. புதிய வகைகள் அங்கே பிறக்கின்றன. பார்பெரி அருகில் இருந்தால் கோதுமைக்கு ஆகாது என்பதை உழவர்கள் அறிவியலுக்கு முன்பே கண்டுகொண்டிருந்தார்கள். ஜெர்மன் பூசண ஆய்வாளர் ஆன்டன் டி பாரி அதை 1865இல் சோதனையால் நிரூபித்தார். 1916இல் பெரும் தண்டுத் துருவைச் சந்தித்த அமெரிக்கா, 1918 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் கோடிக்கணக்கான பார்பெரி புதர்களைத் தோண்டி எறிந்தது. மஞ்சள் துருவுக்கும் பார்பெரி இடம் கொடுக்கும் என்பது தெரிந்ததோ 2010இல்தான்.

பார்பெரிக்கு வேலையே இல்லாத இடங்களிலும் துரு ஆண்டுதோறும் வருகிறது. இந்தியச் சமவெளியின் கோடை வெப்பத்தில் பூசணம் அழிந்துவிடும். ஆனால் குளிர்ந்த மலைகளில் பிழைத்துக் காற்றோடு மீண்டும் இறங்கும் என்பதை இந்தியத் தாவர நோய் ஆய்வாளர் கரம் சந்த் மேத்தா ஆராய்ந்து காட்டினார். தண்டுத் துருவுக்கும் இலைத் துருவுக்கும் நீலகிரி, பழனி மலைகளும், மஞ்சள் துருவுக்கு இமயமலையும் அப்படிப்பட்ட இடங்கள். ஆகவே உங்கள் வயலைத் துடைத்து வைத்தாலும் வித்து வரும். தாங்கும் ரகம் இதனால்தான் முதலில் வருகிறது.

தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். மண் பரிசோதனைப்படி, பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். அடர்ந்து தழைத்த பயிருக்குள் காற்றோட்டம் குறைந்து, இலைப் பனி காலை நெடுநேரம் காயாமல் நிற்கும். விதைப்பை உரிய காலத்தில் முடிப்பதும் முக்கியம். பிந்தி விதைத்த வயலில், தண்டுத் துரு வேகமெடுக்கும் வெயில் காலத்தில் மணி இன்னும் பால் பருவத்திலேயே நிற்கும்.

வயலைப் பார்க்கும் முறை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது துருவுக்குப் பொருந்தாது. ஆரம்பத்தில் துரு வயல் முழுவதும் சமமாக வருவதில்லை. ஓரிரு குவியங்களில், அதாவது நோய் முதலில் பிடிக்கும் சிறு திட்டுகளில்தான் தொடங்கும். நூறு செடி சுத்தமாக இருந்து நூற்றோராவது செடியில் இருக்கும். அதனால் வரப்போரச் செடி நான்கைப் பார்த்துவிட்டுத் திரும்புவது பார்க்காததற்குச் சமம்.

தூர் கட்டும் பருவத்திலிருந்து வாரம் ஒரு முறை போங்கள். குளிர்ந்த, ஈரமான வானிலை தொடர்ந்தால் வாரம் இரு முறை. வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து நடந்து, குறைந்தது பத்து இடங்களில் குனியுங்கள். தாழ்வான பகுதி, மரநிழல் விழும் ஓரம், உரம் அதிகம் விழுந்து தழைத்த இடம், பாசன நீர் தேங்கும் மூலை ஆகியவற்றை ஒருபோதும் விடாதீர்கள்; பனி அங்கேதான் கடைசியாகக் காயும். ஒவ்வோர் இடத்திலும் மேல் இலையைப் பார்க்காமல் செடியைக் கையால் விலக்கி, அடியிலிருந்து இரண்டாவது மூன்றாவது இலைகளைப் பாருங்கள். முதுகில் வெயில் விழும்படி நின்று, இலையை வானத்தின் பக்கம் தூக்கிப் பிடித்தால், கொப்புளம் வெடிப்பதற்கு முந்தைய வெளிர்ப் புள்ளிகள்கூடத் தெரியும்.

கொப்புளம் கண்ட இடத்தில் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டுங்கள். குறிப்பேட்டில் தேதி, பயிரின் பருவம், எந்தத் துரு, எத்தனை செடி என்று எழுதுங்கள். நான்கு நாள் கழித்து அதே குச்சியிடம் வந்து பாருங்கள். பரவுகிறதா, நின்றுவிட்டதா என்பதை அந்த ஒரு குச்சி சொல்லிவிடும். வெறும் நினைவை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது.

துரு உள்ள வயலில் நடந்துவிட்டு அதே உடையோடு அடுத்த வயலுக்குள் இறங்காதீர்கள். 1979இல் மஞ்சள் துரு ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலாகச் சென்றது, ஐரோப்பாவிலிருந்து வந்த பயணி ஒருவரின் உடையில் ஒட்டிக்கொண்டு என்றே கருதப்படுகிறது. நோயுற்ற வயலைக் கடைசியாகப் பாருங்கள், பார்த்த கையோடு துணியைத் துவையுங்கள்.

மருந்து தெளிப்பதா, வேண்டாமா

கொப்புளத்தைக் கண்டவுடன் கை தெளிப்பானைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும்: ரகம் தாங்கக்கூடியதா? பயிர் எந்தப் பருவத்தில் இருக்கிறது? எந்தத் துரு? அடுத்த பத்து நாள் வானிலை எப்படி?

எல்லாவற்றையும்விட முக்கியமான சொல் கண்ணாடி இலை. கதிருக்குக் கீழே கடைசியாக விரியும் இலை அது. மணியில் சேரும் மாவுச்சத்தில் பெரும் பங்கை இந்த இலையும் இதற்கு அடுத்த இலையும் கதிரும்தான் தயாரிக்கின்றன. எனவே தெளிப்பின் நோக்கம் வயலைப் புள்ளியில்லாமல் வைப்பது இல்லை. கண்ணாடி இலை விரிந்த நாளிலிருந்து மணி முற்றும்வரை அதைப் பச்சையாகக் காப்பது. கண்ணாடி இலை விரியும் முன்பே தெளித்தால், ஊடுருவும் மருந்துகூட அப்போது இருக்கும் இலைகளைத்தான் காக்கும். பிறகு விரியும் இலைக்கு அந்தப் பாதுகாப்பு போய்ச் சேராது.

தாங்காத ரகத்தில், கண்ணாடி இலை விரியும் பருவத்துக்கும் பூக்கும் பருவத்துக்கும் இடையே நோய் பரவிக்கொண்டிருந்தால் தெளிப்பது நிச்சயம் பலன் தரும். தாங்கும் ரகத்தில் கீழ் இலையில் மட்டும் சில கொப்புளங்கள் இருந்தால் காத்திருக்கலாம். குச்சி நட்ட இடத்தை நாலைந்து நாளுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். மணி முற்றத் தொடங்கிய பிறகு தெளிப்பது காசைக் கரியாக்குவது. பருவத்தின் ஆரம்பத்திலேயே மஞ்சள் துருவின் குவியத்தைக் கண்டால் மட்டும் விதிவிலக்கு: அந்தக் குவியத்தையும் அதைச் சுற்றிச் சில மீட்டரையும் உடனே தெளித்து, மற்ற வயலைக் கண்காணியுங்கள்.

பரவலாகப் பயன்படுபவை ட்ரையசோல் வகைப் பூசணக்கொல்லிகள்: புரோபிகோனசோல், டெபுகோனசோல் போன்றவை. இவை இலைக்குள் ஊடுருவி, பூசணத்தின் செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டீரால் உருவாவதைத் தடுக்கின்றன. தொற்றிச் சில நாளே ஆன பூசணத்தையும் நிறுத்தும். வெடித்துவிட்ட கொப்புளம் மறையாது. பழுதான இலை மீண்டும் பச்சையாகாது. தெளித்த மூன்றாம் நாள் போய்ப் பார்த்து, மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி அடிக்காதீர்கள். புதிய கொப்புளம் வருகிறதா என்பதைப் பத்து நாள் கழித்துப் பாருங்கள். அசாக்சிஸ்ட்ரோபின் போன்ற ஸ்ட்ரோபிலூரின் வகைகள் தொற்றுக்கு முன்பே தெளித்தால் சிறப்பாக வேலை செய்யும். இரண்டு வகையும் கலந்த தயாரிப்புகளும் கிடைக்கின்றன.

புரோபிகோனசோல் 25 ஈசி மருந்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி, ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்பது வழக்கமான பரிந்துரை. இருந்தாலும் டப்பாவின் மேல் ஒட்டியுள்ள சீட்டு சொல்வதே இறுதி. எந்தப் பருவத்துக்குப் பின் தெளிக்கக் கூடாது, அறுவடைக்கு எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தண்ணீரைக் குறைத்து மருந்தைக் கெட்டியாக்குவது பெரிய தவறு. கரைசல் நடு இலைகள்வரை இறங்க வேண்டும். பனி காய்ந்த பிறகு, காற்று அடங்கிய நேரத்தில், நுண்துளியாகத் தெளியுங்கள். முகக்கவசமும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். மறு தெளிப்பு தேவைப்பட்டால் வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், அதைத் தாங்கும் பூசணத்தை நாமே பொறுக்கி வளர்த்தவர்களாவோம்.

எவ்வளவு இழப்பு வரும்

இலைத் துருவும் மஞ்சள் துருவும் இலையின் பச்சையைத் தின்பதால், மணிக்கு மாவுச்சத்து போதாமல் போகிறது. மணி எண்ணிக்கையில் குறைவில்லாததுபோல் தோன்றும். கையில் அள்ளினால் எடை இருக்காது. பிந்தி வரும் இலைத் துரு விளைச்சலில் சிறு பங்கைத்தான் எடுக்கும். கண்ணாடி இலையைப் பூக்கும் முன்பே பிடித்த மஞ்சள் துரு பாதிக்கு மேலும் எடுத்துவிடும். தண்டுத் துரு தண்டின் தோலைக் கிழிப்பதால் நீர் கசிந்து வெளியேறும், கதிருக்குப் போகும் பாதை அடைபடும், தாள் ஒடிந்து பயிர் சாயும். தாங்காத ரகத்தில் முழு வயலும் பதராகிப் போவதும் உண்டு.

பண இழப்பு அறுவடையோடு நிற்பதில்லை. சூம்பிய மணியில் மாவு குறைவு, தவிடு அதிகம். ஆலை அதைக் குறைந்த விலைக்குத்தான் எடுக்கும். அடுத்த விதைப்புக்கு அதை விதையாக வைத்துக்கொண்டால் முளைப்பு வீரியமாக இராது. ஒரு நிம்மதி: துரு மணியில் நஞ்சு சேர்ப்பதில்லை. சூம்பியிருந்தாலும் தூற்றிச் சலித்துப் பயன்படுத்தலாம். கதிரடிக்கும்போது கிளம்பும் செந்தூசி மட்டும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. அவர்களை அந்த வேலையிலிருந்து தள்ளி வையுங்கள்.

பழைய ரோமானியர்கள் துருவுக்கென்றே ரோபிகஸ் என்ற தெய்வத்தை வைத்து, ஒவ்வோர் ஏப்ரல் 25ஆம் நாளும் நாயைப் பலியிட்டு வேண்டிக்கொண்டார்கள். வெடித்த கொப்புளத்தோடு நிற்கும் கதிரைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் நன்றாகவே புரியும்.

மாதிரி அனுப்புங்கள்

தாங்கும் என்று சொல்லி வாங்கிய ரகத்தில் துரு பெருகினால், அதை உங்கள் வயலோடு முடிந்த கதையாக விடாதீர்கள். புதிய பூசண வகை அங்கே வந்திருக்கக்கூடும். அருகிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கோ வேளாண் அலுவலகத்துக்கோ சொல்லி, மாதிரி அனுப்புங்கள். கொப்புளம் புதிதாக வெடித்த இலைகள் பத்தைப் பறித்து, நிழலில் சிறிது நேரம் உலர்த்தி, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். உள்ளே வேர்த்து இலை அழுகிவிடும், வித்துகள் செத்துவிடும். உறையின் மேல் ரகத்தின் பெயர், விதைத்த நாள், இலை பறித்த நாள், வயல் இருக்கும் இடம், மருந்து தெளித்திருந்தால் அதன் விவரம் ஆகியவற்றை எழுதுங்கள்.

ஆய்வகத்தில் அந்த வித்துகளை வெவ்வேறு மரபணு கொண்ட கோதுமை நாற்றுகளின் மேல் ஏற்றி, எது தாங்குகிறது, எது விழுகிறது என்று பார்ப்பார்கள். உயிருள்ள செடியில்தான் இந்தப் பூசணம் வளரும் என்பதால் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் உங்கள் வயலில் அறுவடைகூட முடிந்திருக்கும். அடுத்த பருவத்துக்கு விதை வாங்கப் போகும்போது அந்தப் பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.